சரக்கு போகட்டும், பிள்ளை வீடு திரும்பட்டும்

(ரமலான் வியாபாரத்தை முன்னிட்டு, கடைவீதி வணிகர்களுக்கும் ஊழியர்களுக்கும் நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையை அடைத்த கையோடு இஷாவைத் தொழுதுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். பலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே முன்னுரையை நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நமது பைத்துல்மாலுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். டயாலிசிஸ், பிரசவம், கண் ஆபரேஷன், இருதய அடைப்பு. சென்ற ரமலானுக்குப் பிறகு வந்த மனு ஒன்று அப்படி இல்லை. நம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பிள்ளைக்காக அவன் தாயார் எழுதிக் கொடுத்தது. 27ஆம் கிழமைக்கு முந்தைய இரவு, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஓர் ஆள் இரண்டு சுடிதார் செட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறியதைப் பிள்ளை பார்த்துவிட்டான். சத்தம் போட்டான், துரத்தினான். பாத்திரக்கடைச் சந்துக்குள் வழி முட்டுப்பட்ட இடத்தில் அந்த ஆள் திரும்பி, கையில் இருந்த கட்டரை வீசினான். பிள்ளையின் வலது முன்கையில் நரம்பும் தசைநாரும் அறுந்தன. அரசு மருத்துவமனையில் நல்லபடியாகத் தைத்தார்கள், பிசியோதெரபியும் நடந்தது. ஆனாலும் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை. புடவை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலைக்கு அந்த விரல்கள் எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு செட்டும் சேர்த்து விலை 1,800 ரூபாய்.

மனுவை விசாரிக்க வீட்டுக்குப் போன நாங்கள் அவனிடம் கேட்டோம், "ஏம்பா தனியா ஓடினே?" என்று. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "போன மாசம் ஒரு பீஸ் காணாமப் போச்சு பாய். என் சம்பளத்துல 600 ரூபா பிடிச்சாங்க. இந்தத் தடவையும் பிடிப்பாங்கன்னு நெனச்சேன்."

எந்தக் கடை, யார் முதலாளி என்று இங்கே சொல்லப் போவதில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம். திருட்டு நடக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊழியருக்குச் சொல்லித் தருவதற்கு முன்னால், அவன் ஏன் ஓடுகிறான் என்பதை முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொன்னோம். மற்றவற்றைச் சொல்லிவிட்டு அந்தச் சம்பள விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கடையில் திருட வருகிறவன் சண்டைக்கு வருவதில்லை. கூட்டத்தைப் பார்க்கிறான், யாரும் கவனிக்காத நேரம் பார்க்கிறான், எடுக்கிறான். அதற்குப் பிறகு அவன் நினைப்பெல்லாம் வாசல் மேல்தான். அந்த வாசலில் ஒருவர் கையை விரித்து நிற்கும்போதும், பையைப் பிடித்து இழுக்கும்போதும், தெருவில் நாலு பேர் துரத்தும்போதும்தான் அவன் கை இடுப்புக்குப் போகிறது. மது போதையிலோ மாத்திரைப் போதையிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த நகரத்து இளைஞர்களிடையே மாத்திரைப் பழக்கம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது தனிப் பேச்சு. இன்ஷா அல்லாஹ் வேறொரு கூட்டத்தில் பேசுவோம்.

சட்டமும் இந்தத் திருப்பத்தைத்தான் கவனிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 303ஆம் பிரிவு திருட்டு, 309ஆம் பிரிவு கொள்ளை. திருடுவதற்காகவோ, திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காகவோ ஒருவரைக் காயப்படுத்தினாலும், காயப்படுத்த முயன்றாலும், இப்போதே வெட்டிவிடுவேன் என்று பயம் காட்டினாலும், அந்த நிமிடமே திருட்டு கொள்ளையாகிவிடுகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்று 303 சொல்கிறது. கொள்ளையில் காயமும் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை 309 சொல்கிறது. எந்த வழக்குக்கு எந்தப் பிரிவு என்பது போலீசும் கோர்ட்டும் தீர்மானிக்க வேண்டியது. நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரம் பல நேரங்களில் அரை நிமிட ஓட்டம்தான்.

இனி பிள்ளைகளுக்கு, தங்கச்சிமார்களுக்கு.

ஒருவர் சாமானை ஒளித்துவைப்பதைப் பார்த்தால் "திருடன்" என்று கத்தாதீர்கள். அந்தச் சொல் கூட்டத்தையும் உசுப்பிவிடும், அவனையும் உசுப்பிவிடும். வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே அருகில் போய், "என்ன சைஸ் பார்க்கிறீங்க? பில் போடட்டுமா?" என்று கேளுங்கள். நாம் பார்த்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துவிடும். பலரும் அந்த இடத்திலேயே எதையாவது சொல்லிச் சாமானை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வைக்காமல் நடந்தால் விடுங்கள். வாசலை மறிக்காதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள், பையைப் பிடிக்காதீர்கள். இரண்டு கை நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். நடுவில் ஒரு மேசையோ கவுண்டரோ இருந்தால் இன்னும் நல்லது. அவன் கடையை விட்டு இறங்கிய பிறகு உங்கள் கால் படியைத் தாண்டக் கூடாது. பைக் நம்பர் தெரிகிறதா என்று வாசலில் நின்று பார்த்தால் போதும்.

ஆயுதத்தைக் காட்டிக் கல்லாவைக் கேட்கிறவன் வேறு வகை. பெரும்பாலும் கடை மூடுகிற நேரம், ஆள் குறைந்த நேரம். அங்கே ஒரே வழிதான்: கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். "கல்லாவைத் திறக்கிறேன், சாவி சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று செய்வதைச் சொல்லிக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள். சட்டென்று கையைக் கீழே கொண்டுபோனால் எதையோ எடுக்கப் போகிறீர்கள் என்று அவன் நினைப்பான். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். ஆனால் பார்க்காமலும் இருக்காதீர்கள். உயரம், நடை, பேச்சு எந்த ஊர்ப் பேச்சு, கையில் பச்சை குத்தியிருக்கிறதா, என்ன செருப்பு. முகத்தை மறைத்து வருகிறவன் செருப்பை மாற்றிக்கொண்டு வருவது குறைவு. சில நாடுகளில் கடை வாசல் ஓரத்தில் அளவுகோல் போல நிறக்கோடு ஒட்டியிருப்பார்கள்; வெளியேறும் ஆளின் உயரத்தைச் சரியாகச் சொல்வதற்காக. நம் கடைகளிலும் ஒட்டலாம், பத்து ரூபாய் செலவு.

கல்லாவுக்குக் கீழே இரும்புக் கம்பியோ, மிளகாய்ப்பொடி டப்பாவோ வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று மிளகாய்ப்பொடி வீசினால் யார் கண்ணில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பி என்பது இரண்டு பேரில் பலசாலியின் கைக்குப் போகிற பொருள். உங்கள் கடையில் நிற்பது நோன்பு வைத்துக் களைத்த ஒரு பையன்.

அவன் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்குங்கள். 112க்குப் போன் செய்யுங்கள். பழக்கமான 100ஐ அழைத்தாலும் சரி. காயம் இருந்தால் 108. இரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. ஜவுளிக்கடையில் துணிக்கு என்ன பஞ்சம்? புதுத்துணி என்று பார்க்காதீர்கள். கத்தியோ வேறு எதுவோ உடம்பில் குத்தி நின்றுகொண்டிருந்தால் பிடுங்கக் கூடாது. காபித்தூளும் மஞ்சள்தூளும் வைத்து அடைப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிற பழக்கம். டாக்டர்களுக்கு அது இரட்டை வேலை.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். "கண்ணாடி கிழித்தது" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், போலீஸ் அலைச்சல் வேண்டாம் என்று. விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டால் பிறகு வழக்கும் நிற்காது, நிவாரணமும் வராது. புகார் கொடுத்ததும் எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானே அழிந்து அதன்மேல் புதுப்பதிவு ஏறிவிடும். அன்றைக்கே பென்டிரைவில் எடுத்துவையுங்கள். கோர்ட்டில் அது சாட்சியாக நிற்க 63ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும். இவற்றுக்கெல்லாம் வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. குற்றத்தால் காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு மனுச் செய்வதும் அந்த ஆணைக்குழு வழியாகத்தான். நாம் சொன்ன பிள்ளைக்கு அந்த மனுவை நமது அறக்கட்டளைதான் எழுதிக் கொடுத்தது.

இங்கே சில இளைஞர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல கேள்வி. தன் பொருளைக் காக்கப் போராடி உயிர்விட்டவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் இருக்கிறதே, விட்டுக்கொடுங்கள் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

ஹதீஸ் உண்மை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிப்பில் வருகிறது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அநியாயமாகத் தாக்கப்பட்டு இறந்துபோன வியாபாரியின் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஹதீஸிலிருந்து, பொருளுக்காகச் சண்டையிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எடுக்கிறோமா? முஸ்லிம் கிரந்தத்துக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்த இடத்தில் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பொருளைக் காக்கத் தடுப்பது அனுமதிக்கப்பட்டது, கடமை ஆக்கப்பட்டதல்ல. குடும்பப் பெண்களின் மானத்தைக் காப்பது கடமை. இரண்டும் ஒன்றல்ல. அனுமதி என்றால் விடுவதற்கும் அனுமதி உண்டு என்றுதானே அர்த்தம்? மதரஸாவில் மின்ஹாஜ் ஓதியவர்களுக்கு ஸியால் பாடம் ஞாபகம் இருக்கும். தாக்க வருகிறவனை இலேசான வழியால் தடுக்க முடிகிறபோது கடுமையான வழிக்குப் போகக் கூடாது. தப்பிப் போக வழி இருந்தால் நின்று சண்டையிடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடாக அங்கே எழுதியிருப்பது இதுதான். ஓடி ஒளிவது கோழைத்தனம் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது, ஃபிக்ஹு சொல்லவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்தை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: தீன், உயிர், அறிவு, சந்ததி, பொருள். பொருளுக்கு அந்த வரிசையில் கடைசி இடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹதீஸ் பேசுவது தன் பொருளைப் பற்றி. கல்லாவில் இருப்பது அந்தப் பையனின் பொருளா?

இப்போது சம்பள விஷயத்துக்கு வருவோம்.

மாதச் சம்பளத்துக்கு ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கிறவருக்கு ஃபிக்ஹில் அஜீர் காஸ் என்று பெயர். அவர் கையில் இருக்கும் சரக்கு அமானத். அவர் வேண்டுமென்றே வரம்பு மீறினாலோ, அலட்சியம் செய்தாலோ ஒழிய, காணாமல் போனதற்கும் கெட்டுப்போனதற்கும் அவர் மேல் ளமான் கிடையாது, அதாவது ஈடு கொடுக்கும் பொறுப்பு கிடையாது. கூட்ட நெரிசலில் வேறொருவன் திருடிக்கொண்டு போனால் அது ஊழியரின் அலட்சியமா? ஐம்பது பேர் நிற்கிற கடையில் மூன்று பிள்ளைகளை நிறுத்திவைத்தது யார்? நாட்டுச் சட்டமும் அப்படித்தான். ஊழியரிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருள், அவருடைய நேரடி அலட்சியத்தால் தொலைந்தால் மட்டுமே பிடித்தம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். மாதக் கடைசியில் ஸ்டாக் குறைகிறது என்று தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிடிப்பதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. இந்த மண்டபத்தில் ஜகாத் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்டுக் கொடுக்கிற பெரியவர்கள் இருக்கிறீர்கள். அதே பேனாவால் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிடித்தம் இல்லை என்று மனதுக்குள் நினைத்தால் போதாது. ஊழியர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். "திருட்டு நடந்தால் உன் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்க மாட்டேன். யாரையும் துரத்தாதே. துரத்தினால்தான் எனக்குக் கோபம் வரும்." ரமலான் பிறை தெரிவதற்குள் ஒவ்வொரு கடையிலும் முதலாளி தன் வாயால் இதைச் சொல்லிவிட வேண்டும். மேனேஜரிடம் சொல்லி அனுப்புவது சரியாக வராது; மேனேஜருக்கும் மேலே பயம் இருக்கிறது. திருடனைத் துரத்திப் பிடித்த பையனுக்கு எல்லோர் முன்னிலும் 500 ரூபாய் இனாம் கொடுத்தாலும் கூடாது. அடுத்தவன் அதைப் பார்த்து ஓடுவான்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ பதிவு கட்டாயம். வேலையின் காரணமாகக் கடையில் வெட்டுப்பட்டால் வைத்தியமும் சம்பள இழப்புக்கு உதவியும் அதில் கிடைக்கும். பதிவு செய்யாத கடைகள் இருக்கின்றன, அவர்களுக்குத் தெரியும். கடைச் சரக்குக் காப்பீடு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கசப்பான ஒரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைத் திருட்டில் வன்முறை எப்போதும் திருடன் பக்கமிருந்து மட்டும் வருவதில்லை. 2018 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞரைக் கூட்டமாகப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து, அதைப் போனில் படமும் எடுத்தார்கள். கடைகளில் அரிசியும் மளிகைச் சாமானும் திருடினார் என்பதுதான் அவர் மேல் சொன்ன குற்றம். போலீஸ் ஜீப்பில் ஏற்றியபின் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். காலையில் கடை திறந்தவர்கள், குடும்பஸ்தர்கள், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள்கூட ஒரு கூட்டத்துக்குள் நிற்கும்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. நம் கடைவீதியிலும் மின்கம்பத்தில் கட்டிவைக்கிற பழக்கம் இருந்தது. ஜமாஅத் தலைவர்கள் தலையிட்டு அதை நிறுத்தியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அது திரும்பி வரக் கூடாது.

தற்காப்பு உரிமையை நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடிக்கும் அதில் உரிமை இல்லை. பிடிபட்டுக் கீழே விழுந்துகிடப்பவனை அடிப்பது தற்காப்பு ஆகாது. தனிமனிதர் ஒருவரைப் பிடித்துவைக்கும் அதிகாரமும், தன் கண் முன்னால் பெரிய குற்றம் செய்தவரைப் பொறுத்துத்தான். பிடித்தாலும் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைத்தாக வேண்டும். பின்கட்டு ரூமில் பூட்டிவைத்து "விசாரிப்பது" நமக்குச் சட்டம் கொடுத்த வேலை அல்ல. பெண்களை ஆண்கள் சோதனை போடுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. சிசிடிவியில் விழுந்த முகத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் வேண்டாம். சென்ற ஆண்டு அப்படிப் பரவிய ஒரு படத்தில் இருந்த அம்மா பில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பிள்ளைகள் நம் அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். அந்தப் படத்தை எத்தனை போனிலிருந்து அழிக்க முடியும்?

கடும் பஞ்சம் வந்த ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. பால் மாவு டப்பாவையும் அரிசிப் பையையும் தூக்குகிறவர் யார் என்று விசாரித்து, அவர் பெயரை பைத்துல்மாலுக்கு அனுப்பிய மளிகைக்கடைக்காரர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். பெயர் சொல்வதை அவர் விரும்பவில்லை.

இனி நடைமுறை ஏற்பாடு, சுருக்கமாக. கடைசிப் பத்தில் ஸஹர் வரை கடை திறந்திருக்கும். தமிழக அரசு 2019இல், 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகள் இரவும் பகலும் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, பெண் ஊழியர்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பத்துப் பேருக்குக் குறைந்த கடையானாலும் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டியதுதான். இரவு பத்துக்கு மேல் எந்தப் பெண்பிள்ளையையும் கவுண்டரில் தனியாக விடாதீர்கள். வீடு வரை துணை அனுப்புங்கள். முதலாளியின் சின்னப் பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைத்து அழகு பார்ப்பதைப் பெருநாள் முடிகிற வரை நிறுத்திவையுங்கள்.

கல்லாவில் பணம் சேர விடாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை பெரிய நோட்டுகளை எடுத்து உள்ளே பூட்டிவிட வேண்டும், அது வாடிக்கையாளர் கண்ணில் படாமல் நடக்க வேண்டும். வங்கியின் பணம் போடும் இயந்திரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே மஞ்சள் பையோடு போகிறவர்களை நாங்களே நாலு பேரை அடையாளம் சொல்ல முடியும். நமக்கே தெரிகிறது என்றால் மற்றவனுக்குத் தெரியாதா? நேரத்தை மாற்றுங்கள், இரண்டு பேராகப் போங்கள். முன்பக்கக் கண்ணாடி முழுக்கத் தள்ளுபடி விளம்பரம் ஒட்டாதீர்கள். தெருவில் போகிறவருக்குக் கல்லா தெரிய வேண்டும். அமெரிக்காவில் செவன்-லெவன் கடைகளில் 1970களிலேயே முன்னாள் கொள்ளைக்காரர் ஒருவரிடம் யோசனை கேட்டுத்தான் கல்லாவில் பணத்தைக் குறைப்பது, கண்ணாடியை மறைக்காமல் விடுவது போன்ற ஏற்பாடுகளைச் செய்தார்கள். வெளிச்சமும் வெறுங்கல்லாவும் இருக்கிற கடை அவனுக்குப் பிடிக்காது.

தராவீஹ் நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட, ஒரே ஒரு பையனைக் கடையில் விட்டுப்போகிற வழக்கமும் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் கடையை அடைத்துவிடலாம். அல்லது பக்கத்துக் கடைகளோடு முறை வைத்துக்கொண்டு, இரண்டாம் ஜமாஅத்தில் சிலர் தொழலாம். நம் பள்ளியில் இந்த ரமலானுக்கு இரவு 11 மணிக்கு இரண்டாம் ஜமாஅத் தராவீஹ் நடத்த முத்தவல்லி அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். கடை ஊழியர்களுக்காகவே இந்த ஏற்பாடு, தயங்காமல் வாருங்கள்.

கடைவீதியின் இரு முனையிலும், பாத்திரக்கடைச் சந்திலும் விளக்குப் போட நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம். அது வரும் வரை அறக்கட்டளைச் செலவில் மூன்று விளக்குகள் இந்த வாரமே மாட்டப்படும். மின்சாரம் கொடுக்க அந்த மூன்று இடங்களிலும் உள்ள கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். சம்பளப் பிடித்தம் செய்ய மாட்டோம் என்ற வாசகம் அதில் இருக்கிறது. முதலாளி கையெழுத்திட்டு, கடை முத்திரை வைத்து, ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு நகலை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். ஊழியர்களின் பெயர், வீட்டு போன் நம்பர், இரத்த வகை எழுதும் படிவமும் அங்கேயே இருக்கிறது. அஸர் முதல் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. முதலுதவிப் பயிற்சி வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு, கடை திறப்பதற்கு முன், இதே மண்டபத்தில். கடைக்கு இரண்டு பேரையாவது அனுப்புங்கள், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாடு கீழே தயாராக இருக்கிறது. வஸ்ஸலாம்.